குழாய் வரும் தெரு, லாரி வரும் தெரு: சென்னை, பெங்களூரு வாழ்க்கைச் செலவு பற்றி



இந்தக் கல்லூரி இருக்கும் இடத்தை வைத்தே இன்றைய தலைப்பைத் தேர்ந்துகொண்டேன். ஜோலார்பேட்டை சந்திப்பில் ஒரு நடைமேடையில் சென்னை வண்டி நிற்கிறது, இன்னொன்றில் பெங்களூரு வண்டி நிற்கிறது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் படிப்பை முடித்ததும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் ஏறுகிறார்கள். என்னை அழைக்க வந்த உங்கள் பொருளியல் துறைத் தலைவருடன் இறுதியாண்டு மாணவி ஒருவரும் வந்திருந்தார். புறப்படும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, எனக்கு ரெண்டு ஊர்லயும் வேலை கிடைச்சிருக்கு. பெங்களூர்ல மாசம் ஆறாயிரம் கூடத் தர்றாங்க. போகலாமா?"

முப்பது ஆண்டு பொருளியல் சொல்லிக்கொடுத்தவன் இதற்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. யோசித்துப் பார்த்து இன்று சொல்கிறேன் என்றேன். இந்த உரை முழுவதும் அவருக்கான பதில்தான்.

நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே ஒன்று. இரண்டு நகரங்களுக்கு இடையே வாழ்க்கைச் செலவு மாறுபடுவது பொருள்களின் விலையால் அதிகமில்லை. எதையெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்பதால்தான் மாறுபடுகிறது. ஊர் பொதுவில் தருவது குறையும் இடத்தில் வீட்டுச் செலவு ஏறும்.

1. பட்டியல்கள் சொல்லாதவை

ஆண்டுதோறும் உலக நகரங்களின் வாழ்க்கைச் செலவுப் பட்டியல்கள் வெளிவருகின்றன. அவற்றில் பெயர்பெற்ற சில, நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரிகளுக்கு எவ்வளவு படி கொடுக்கலாம் என்று கணக்கிடுவதற்காக உருவானவை. நியூயார்க் நகரத்தை அளவுகோலாக வைத்துத் தயாரிக்கிறார்கள். அந்தக் கூடையில் ரேஷன் அரிசிக்கும் வெள்ளைப் பலகைப் பேருந்துக்கும் இடமில்லை.

நம் அரசு வெளியிட்ட வாழ்வெளிமைக் குறியீட்டைப் பாருங்கள். 2018இல் 111 நகரங்களை வரிசைப்படுத்தினார்கள். சென்னை 14ஆம் இடம், பெங்களூரு 58ஆம் இடம். அடுத்த பதிப்பு 2021 மார்ச்சில் வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை நான்காம் இடம். மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு நகரம் அப்படி மாறிவிடுமா? அளக்கும் முறையை மாற்றினார்கள். குடிமக்களின் கருத்துக் கணிப்புக்கு 30 விழுக்காடு எடை கொடுத்தார்கள். நகரங்களையும் மக்கள்தொகை வாரியாகப் பிரித்தார்கள். முதலிடம் வந்த அதே பெங்களூரில், சரியாக மூன்று ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கும் நிலை வந்தது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், தேர்வில் மாணவர்கள் தவறு செய்யும் இடம் இது. தொழிலாளர் செயலகம் மாதந்தோறும் நகர வாரியாக நுகர்வோர் விலைக் குறியீட்டெண் வெளியிடுகிறது. ஒவ்வொரு நகரத்துக்கும் 2016ஆம் ஆண்டின் விலையே 100. ஆகவே ஒரு நகரத்தின் எண் 140 என்றும் மற்றொன்றின் எண் 145 என்றும் இருந்தால், இரண்டாவது ஊர் விலை கூடியது என்று பொருளில்லை. அங்கே 2016க்குப் பிறகு விலை வேகமாக ஏறியது என்றுதான் பொருள். அந்த எண் ஓர் ஊரை அதன் நேற்றைய நிலையோடு மட்டுமே ஒப்பிடும், பக்கத்து ஊரோடு ஒப்பிடாது.

2. விலை ஏறக்குறைய ஒன்றுதான்

சோப்பு, பற்பசை, பிஸ்கட், மாத்திரை, செல்பேசி ரீசார்ஜ் எல்லாவற்றுக்கும் உறையில் அச்சிட்ட விலையும் கட்டணமும் இரண்டு ஊரிலும் ஒன்றே. காய்கறி பருவத்தைப் பொறுத்தது. ஆவின் பாலுக்கும் நந்தினி பாலுக்கும் வித்தியாசம் சில ரூபாய்கள். இதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

3. தண்ணீர்

இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

என் தங்கை மகள் பெங்களூரில் மகாதேவபுரா பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறாள். சிறுவயதில் நான் பழக்கிவிட்டபடி இன்றும் வீட்டுக் கணக்கு எழுதுகிறாள். 2024 கோடையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த நோட்டைப் புரட்டினேன். பால், காய்கறி, பள்ளி வேன் என்று போகும் வரிகளுக்கு நடுவே 'டேங்கர் பங்கு' என்று ஒரு வரி. பிப்ரவரியில் ஒரு முறை, மார்ச்சில் நான்கு முறை. ஏப்ரல் பக்கத்தில் அந்த வரியைச் சிவப்பு மையால் கோடிட்டிருந்தாள். சமையலறையில் கழுவ வேண்டாம் என்று பாக்குமட்டைத் தட்டுகள் அடுக்கியிருந்தன. குளியலறையில் மூன்று வாளிகளில் தண்ணீர் பிடித்து மூடி வைத்திருந்தாள். "மாமா, ஒரு வாளிக்கு மேல வேணாம்" என்று அவள் சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது. விருந்தாளியிடம் அப்படிச் சொல்லும்படி வளர்ந்த பெண் இல்லை அவள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2024 மார்ச்சில் பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் லாரித் தண்ணீருக்கு உச்சவரம்பு விதித்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் லாரிக்கு 600 ரூபாய், அதாவது ஆயிரம் லிட்டருக்கு 100 ரூபாய். கட்டுப்பாட்டுக்கு முன் இதைவிடக் கூடுதலாகவே வாங்கினார்கள். அதே காலத்தில் குடிநீர் வாரியத்தின் வீட்டுக் கட்டணம், முதல் 8,000 லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய், அடுத்த படியில் 11 ரூபாய்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் நகரக் குடிநீர்த் திட்டங்களுக்குப் பின்பற்றும் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 16,200 லிட்டர். குழாயில் வந்தால் தண்ணீருக்கு மட்டும் சுமார் 146 ரூபாய், கழிவுநீர்க் கட்டணம் போன்றவை தனி. முழுவதும் லாரியில் வந்தால் 1,620 ரூபாய். ஒரே ஊர், ஒரே மாதம், அதே தண்ணீர். செலவு பதினொரு மடங்கு. குழாய் போட்ட தெருவுக்கும் போடாத தெருவுக்கும் உள்ள தூரத்தின் விலை இது.

ஏன் இந்த நிலை? பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பக்கத்தில் பேராறு இல்லை. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியிலிருந்து காவிரி நீரை ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்கு நீரேற்றி அனுப்புகிறார்கள். 2007இல் மாநகராட்சியோடு 110 கிராமங்களைச் சேர்த்தார்கள். அங்கே வரி வந்தது, மாடிகள் வந்தன, கணினி நிறுவனங்கள் வந்தன. அந்தக் கிராமங்களுக்காகத் திட்டமிட்ட ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், தொடங்கியது 2024 அக்டோபரில். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள் அந்த மக்கள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் நம்பி வாழ்ந்தார்கள்.

சென்னையில் வாழும் நான் இதைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. எங்கள் தெரு அடிபம்பில் விடியற்காலை மூன்று மணிக்கே குடங்கள் வரிசையில் நின்றன. நீல நிறக் குடம் எங்கள் வீட்டுடையது, கழுத்தில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்திருந்தோம். அந்த ஜூலை 12ஆம் நாள், இதே ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டி வண்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்தது. அது உங்களுக்கு வர வேண்டிய காவிரிக் கூட்டுக் குடிநீர். அந்தக் கோடையில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஊராரின் முன்னால் நின்று பேசுகிறேன் என்பதை மறக்கவில்லை. அந்த நன்றியை இந்த மேடையிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு 2004 முதல் வருவதும் காவிரி நீரே. இரண்டு நகரங்களும் ஒரே ஆற்றைக் குடிக்கின்றன. சென்னை கடலையும் குடிக்கக் கற்றுக்கொண்டது: மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர் நன்னீராக்கும் நிலையங்கள் வந்தன. 2024இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. ஆனால் சென்னையும் 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சேர்ந்த பகுதிகளுள் பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் உண்டு. பழைய மாமல்லபுரம் சாலை மாடிகளுக்கு எத்தனை ஆண்டுகளாக லாரி ஓடுகிறது என்பது அந்தச் சாலையில் போகும் எல்லாருக்கும் தெரியும்.

ஆக, ஒப்பிட வேண்டியது சென்னையையும் பெங்களூரையும் இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். குழாய் வரும் மயிலாப்பூரும் மல்லேஸ்வரமும் ஒரு நகரம். லாரி வரும் சோழிங்கநல்லூரும் மகாதேவபுராவும் இன்னொரு நகரம்.

4. வாடகைக்குள் ஒளிந்திருக்கும் வாடகை

வாடகையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் அட்வான்சை மறந்துவிடுகிறார்கள். பத்து மாத அட்வான்ஸ் இரண்டு ஊரிலும் நெடுநாள் வழக்கம். 20,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு இரண்டு லட்சம் முடங்குகிறது. வங்கியில் 7 விழுக்காடு வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 14,000, மாதத்துக்கு 1,167 ரூபாய். யாரும் ரசீது தராத வாடகை இது. காலி செய்யும்போது வண்ணம் பூச என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பெங்களூரில் பரவலான பழக்கம். அங்கே இரண்டு ஆண்டில் வீடு மாறுகிற இளைஞருக்கு அது மாதத்துக்கு இன்னும் 833 ரூபாய். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அட்வான்சை மூன்று மாத வாடகை என்று வைத்தது. இருவரும் வேறாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அதற்கு இடமும் கொடுத்தது. அந்த இடைவெளியில் பழைய வழக்கம் தங்கிவிட்டது. சட்டத்தில் அந்த விலக்கை நீக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

5. ஒரு மாதத்தில் 25 மணி நேரம்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அந்தத் தண்டவாளம் போட்டவர்களுக்குச் சென்னைத் தொழிலாளி இன்றும் கடன்பட்டிருக்கிறார். அந்த முனையிலிருந்து இந்த முனைக்குப் பத்து ரூபாய். குரோம்பேட்டையில் வாடகை குறைவாக இருக்கும் வீட்டில் இருந்துகொண்டு பாரிமுனையில் வேலை பார்க்க முடிவதற்கு அதுவே காரணம்.

பெங்களூரில் அப்படியொரு புறநகர் ரயில் இல்லை. 148 கிலோமீட்டர் திட்டத்துக்கு 2022 ஜூனில்தான் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே மெட்ரோ 2011இல் ஓடத் தொடங்கியது, சென்னைக்கு நான்கு ஆண்டு முந்தியே. ஆனால் 2025 பிப்ரவரியில் உச்சக் கட்டணத்தை 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்த்தினார்கள். சென்னை மெட்ரோவில் உச்சம் 50 ரூபாய்.

கட்டணத்தைவிட நேரம் பெரிது. போகும்போது அரை மணி, வரும்போது அரை மணி கூடினால் மாதம் 25 வேலை நாளில் 25 மணி நேரம். மூன்று முழு வேலைநாள்கள் சாலையில் போகின்றன. அலுவலகக் கட்டிடங்கள் நிறைந்த பெங்களூரு வெளிவட்டச் சாலையில் மாலை ஆறு மணிக்கு நின்றவர்களுக்கு நான் குறைத்துச் சொல்கிறேன் என்று தெரியும். எந்த விலைக் குறியீட்டிலும் இந்த மணிநேரங்களுக்கு இடம் இல்லை. வீடு திரும்பும் தாய்க்கு அது பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கும் நேரம்.

6. அத்திப்பள்ளியைத் தாண்டும்போது

ஓசூரைக் கடந்து அத்திப்பள்ளி வந்ததும் நம் பிள்ளைகள் தமிழ்நாடு தரும் சிலவற்றை எல்லையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் எல்லாருக்கும் கட்டணமில்லை, எந்த அட்டையும் காட்ட வேண்டாம். கர்நாடகம் 2023 ஜூன் 11 அன்று சக்தித் திட்டத்தைத் தொடங்கியது. தொலைதூரப் பேருந்துகளிலும் உண்டு என்பதால் ஒரு வகையில் அது இதைவிடப் பெரிய திட்டம். ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். திருப்பத்தூர் முகவரி உள்ள பெண் அங்கே பயணச்சீட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

ரேஷனும் அப்படியே. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில். வேறு மாநிலம் போனால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் மத்திய அரசு ஒதுக்கும் பங்கைத்தான் வாங்கலாம். பருப்பும் எண்ணெயும் கிடைக்காது.

மின்சாரத்தில் கர்நாடகத்தின் கை தாராளமானது. அங்கே வழக்கமான பயன்பாட்டை ஒட்டி மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை, வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு. இங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட். மலிவு உணவு இரண்டு ஊரிலும் இருக்கிறது: 2013இல் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி, அதைப் பார்த்து 2017 ஆகஸ்டில் இந்திரா கேன்டீனில் ஐந்து ரூபாய்க் காலை உணவு. நல்லதைப் பார்த்துச் செய்வதில் எந்தக் குறையும் இல்லை.

7. பெங்களூரு இலவசமாகத் தருபவை

நியாயமாகச் சொல்ல வேண்டிய இரண்டு உண்டு. முதலாவது தட்பவெப்பம். சென்னையில் 2003 மே இறுதியில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. இங்கே ஏசி இல்லாமல் கத்திரியைக் கடக்க முடியாத வீடுகள் பெருகிவிட்டன; அங்கே இன்றும் பெரும்பாலான வீடுகளுக்கு மின்விசிறி போதும். அந்தக் குளிர்ச்சியை ஏரிகளும் மரங்களும் காத்தன, ஏரிகளை மூடிய பிறகு அதுவும் குறைகிறது. புயல் வெள்ளத்தின் செலவையும் சென்னைக் கணக்கில் எழுத வேண்டும். 2015 டிசம்பரில் என் தரைத்தளத்தில் மார்பளவு தண்ணீர் நின்றது. கட்டில், குளிர்பதனப் பெட்டி, நாற்பது ஆண்டுப் புத்தகங்கள் போயின. எட்டு ஆண்டு கழித்து மிக்ஜாம் புயல் வந்தபோது மீண்டும் முழங்கால் அளவு.

இரண்டாவது, வேலைச் சந்தையின் ஆழம். கணினித் துறையில் ஒரு வேலை போனால் அடுத்த வேலை தேட அங்கே வாய்ப்புகள் கூடுதல். அதுவும் ஒரு பொதுச் சொத்துதான், ஒரே ஊரில் பல நிறுவனங்கள் கூடியிருப்பதால் விளைவது. ஆனால் வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்கும் கட்டிடத் தொழிலாளிக்கும் அந்தச் சந்தை திறப்பதில்லை. அமர்த்திய சென் 1985இல் கேம்பிரிட்ஜில் வாழ்க்கைத் தரம் பற்றி ஆற்றிய உரைகளில், கையிலுள்ள பொருளை எண்ணாமல் அந்த மனிதரால் என்ன செய்ய முடிகிறது, எப்படி இருக்க முடிகிறது என்று பார்க்கச் சொன்னார். அப்படிப் பார்த்தால் மாதம் 20,000 ரூபாயில் வாழும் குடும்பத்துக்குச் சென்னை மேல் என்பேன். இரண்டு பேர் கணினித் துறையில் சம்பாதிக்கும் வீட்டுக்குப் பெங்களூரு மேல். இரண்டும் உண்மை.

8. அந்த மாணவிக்கு

இனி உங்கள் 6,000 ரூபாய்க்கு வருகிறேன், அம்மா. நீங்கள் அங்கே பி.ஜி.யில் தங்குவீர்கள், இங்கே என்றால் லேடீஸ் ஹாஸ்டல். பேருந்துக் கட்டணம், மெட்ரோ, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் பயணம், கேன் தண்ணீர் என்று எழுதிக் கழித்துப் பாருங்கள். வேலைக் கடிதத்துக்குப் பதில் எழுதும் முன் ஒரு நாள் அதிகாலை வண்டியைப் பிடித்து, தங்கப்போகும் தெருவுக்குப் போய் நில்லுங்கள். குழாய்த் தண்ணீர் வருகிறதா என்று அங்கே துணி துவைக்கும் பெண்ணிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்க வேண்டாம். பிறகு அலுவலகத்துக்கு அலுவல் நேரத்தில் பேருந்தில் போய்ப் பாருங்கள். குழாய் வருகிறது, முக்கால் மணிக்குள் போய்ச் சேர முடிகிறது என்றால் பெங்களூருக்குப் போங்கள். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் சென்னை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை.

பொருளியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கல்லூரியில் படித்து இரண்டு ஊர்களிலும் வேலை பார்க்கும் பழைய மாணவர்களில் இருபது பேரிடம் ஒரு வருடம் வீட்டுக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். தண்ணீருக்கு ஒரு பக்கம், பயண நேரத்துக்கு ஒரு பக்கம் தனியாக இருக்கட்டும். இன்று எனக்குத் தரும் மதிப்பூதியத்தை அந்த நோட்டுகளுக்காகத் துறையிடமே ஒப்படைக்கிறேன். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அந்தக் கணக்கை மாணவர்களே வாசிக்க வேண்டும். கேட்பதற்கு முதல் வரிசையில் நான் வந்து உட்காருவேன்.